நகத்தால் சுரண்டிய இடம்

நாலு பேர். மூன்று பேர் என்றால் மேலே ஏறக் கூடாது. பாதை தொடங்குகிற இடத்தில் கரடியின் படம் போட்டுப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு பேரும் நெருக்கமாக நடக்க வேண்டும், சத்தம் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மூன்று வரைக்கும் கரடிக்குப் பயமில்லை, நாலில்தான் பயம் வருகிறது போல, யார் எண்ணிப் பார்த்தார்களோ. கல்கரித் தமிழ்ச் சங்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு பேரையும் பேருந்தால் இறங்கியதும் மூன்று நாலாகப் பிரித்துவிட்டார்கள். கால் வேகமான எட்டுப் பேர் முன்னால் போய்விட்டார்கள். மிச்சம் நாங்கள். முன்னால் நாயகம் அண்ணை, இடுப்பில் கரடிக்கு அடிக்கிற மிளகாய்ப்புகைக் குப்பி. அவருக்குப் பின்னால் அவருடைய மருமகள் மதுவந்தி, திருச்சிப் பிள்ளை, கனடாவுக்கு வந்து மூன்று மாதம். மூன்றாவது நான். எனக்குப் பின்னால் இவர். இவருடைய ஊன்றுகோலின் நுனி கல்லில் படுகிற சத்தம் எனக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கிறது, டக், டக், ஒரே அளவாக. முப்பத்திரண்டு வருடமாக இந்த மனிதருடைய நடைக்கு ஒரே அளவுதான். பரந்தனில் வயல் வரம்பிலும் இப்படித்தான் நடந்தார், கல்கரியில் பாண் சுடுகிற தொழிற்சாலைக்குப் பனியில் போகும்போதும் இப்படித்தான் நடந்தார். "கரடியாரே!" என்று நாயகம் அண்ணை கூப்பிடுகிறார், "நாங்கள் நாலு பேர் வாறம்! ஒருத்தரிலையும் தசை இல்லை, முழுக்க எலும்பு! வழி விடுங்கோ!" மதுவந்தி சிரிக்கிறாள். "மாமா, கரடிக்குத் தமிழ் தெரியுமா?" "இஞ்ச உள்ள கரடிக்கு இங்கிலீசு தெரியும், பிரெஞ்சு தெரியும். தமிழ் தெரியாது. அதாலைதான் பயப்பிடும்." நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, வாயில்தான் வந்தது. ஏனென்றால் மேலே போனதும் அவர் சொல்லப் போகிற கதை எனக்குத் தெரியும். காலையில் வாகனத்தில் ஏறும்போதே சொல்லிவிட்டார், மருமகளிடம், எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி. "மாஸ்டரின்ரை கதை ஒண்டிருக்கு பிள்ளை. இப்ப சொல்லமாட்டன். அந்த மரத்துக்கு முன்னாலை நிண்டு சொன்னாத்தான் அதுக்கு ருசி."

மாஸ்டர் என்பது இவரைத்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, விழுந்தும் விழாத மாதிரி இருந்தாரா, அதுகூட எனக்குத் தெரியவில்லை. இருபத்தொரு வருடமாகக் கேட்கிற கதை. பிறந்தநாள் வீட்டில், பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில், ஒரு தடவை செத்த வீட்டில்கூட, தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற ஆண்களுக்கு நாயகம் அண்ணை மெல்லிய குரலில் சொன்னார். ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்த மனிதர், ஐந்நூறு கமக்காரருக்குப் பயிர் பார்க்கச் சொல்லிக் கொடுத்த மனிதர், கல்கரிக்கு வந்து சொந்த வீடு வாங்கி, வளவில் நின்ற உயிர் மரத்தைச் செத்த மரம் என்று வெட்டிப் போட்டார். அவ்வளவுதான் கதை. பொய் ஒன்றும் இல்லை. மரம் உயிரோடுதான் இருந்தது, இவர்தான் வெட்டினார். ஒரு சொல் மட்டும் அதில் இல்லை, அந்தச் சொல் என்னிடம் இருக்கிறது. இருபத்தொரு வருடமாக என்னிடம் இருக்கிறது. இன்றைக்குச் சொல்ல வேண்டும், அவர் கதையைத் தொடங்க முதல் நான் சொல்ல வேண்டும் என்று போன சனிக்கிழமையே நினைத்துவிட்டேன். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இந்த நடைக்குப் பெயர் கொடுக்கிற தாளில் இவருடைய எழுத்தைக் கண்டபோது. விக்னராஜா, இரண்டு பேர். நான் கொடுக்கச் சொல்லவில்லை. இருபத்தொரு இலையுதிர்காலம் போனது, ஒவ்வொன்றிலும் யாராவது கூப்பிட்டார்கள், லார்ச் மரம் பொன்னாகிறதைப் பார்க்கப் போவோம், அந்த நிறம் பத்து நாள்தான் நிற்கும் என்று. இவர் ஒரு தடவையும் போகவில்லை. ஏன் இந்த முறை என்று கேட்டேன். "வேலையாலை நிண்டாச்சு. இனியும் பாக்காட்டி எப்ப பாக்கிறது?" என்றார். அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அல்லது அந்த மரத்துக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்த நினைத்தாரோ. சீ, அப்படி நினைக்கிற மனிதர் இல்லை. ஆனால் ஒரு மனிதருக்குள் என்ன இருக்கிறது என்று முப்பத்திரண்டு வருடத்தில் தெரிந்துவிடுமா, பின்னால் வருகிற ஊன்றுகோல் சத்தத்தில் தெரிந்துவிடுமா.

பாதை மடிந்து மடிந்து ஏறுகிறது. ஒரு வளைவு, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு வளைவு. இடப்பக்கம் மரங்களுக்கிடையில் ஏரி தெரியும், அடுத்த வளைவில் அதே ஏரி வலப்பக்கம் தெரியும், கொஞ்சம் கீழே போயிருக்கும். பால் கலந்த நீலம். வேர்களில் உறைபனி, மிதித்தால் அப்பளம் உடைகிற சத்தம். இங்கே நிற்கிறவை எல்லாம் பச்சை ஊசியிலை மரங்கள். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த டீச்சர் படம் காட்டிச் சொன்னா, அகல இலை மரம் குளிருக்கு இலையைக் கொட்டும், ஊசியிலை மரம் எப்போதும் பச்சையாக நிற்கும். கொப்பியில் எழுதிக்கொண்டேன். கீழே கோடு போட்டேன். அந்தக் கோடு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, சிவப்பு மையில். பிறகு வீடு வாங்கினோம், ஆவணி மாதம். சமையலறை ஜன்னலுக்கு நேரே ஊசியிலை மரம் ஒன்று, பச்சை, கை வைத்தால் மெத்தென்று இருந்தது, குத்தவில்லை. இந்த மரம் நல்ல மரம் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். புரட்டாதி போய் ஐப்பசி வர அது மஞ்சளாகியது. நோய் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கார்த்திகையில் எல்லாம் கொட்டியது. ஒரு ஊசி மிச்சமில்லை. கறுத்த கம்புகளோடு, முடிச்சு முடிச்சாக, அப்படியே நின்றது. ஊசியிலை மரம் எப்போதும் பச்சை. பச்சை இல்லையென்றால்? சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேனே.

"ஆன்ட்டி, முடியலன்னா சொல்லுங்க, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்." மதுவந்தி திரும்பிப் பார்க்கிறாள். நல்ல பிள்ளை. மூச்சு வாங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. "இல்லையம்மா, நடவுங்கோ" என்றேன். முடியலன்னா சொல்லுங்க. முடியவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும்? இறங்கி வருகிற ஏதாவது ஒரு கூட்டத்தோடு நான் சேர்ந்துகொண்டு கீழே போகலாம். ஆனால் இவர்கள் மூன்று பேர் ஆகிவிடுவார்கள். மூன்று பேர் ஏறக் கூடாது. அப்போது எல்லோரும் இறங்க வேண்டும். மரத்தைப் பார்க்க மாட்டோம். மரம் இல்லாமல் கதைக்கு ருசி இல்லை, நாயகம் அண்ணை சொல்ல மாட்டார், சொன்னாலும் வாகனத்துக்குள் நித்திரைக் கலக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் சொல்ல வேண்டாம். ஒரு சொல். ஏலாது. இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏலாது என்று சொன்னால் போதும், நாலு பேரும் திரும்பிவிடுவோம். ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், என் முழங்கால் சங்கம் முழுக்கத் தெரிந்த முழங்கால். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருடம் நின்ற கால். காலையில் கட்டிலால் இறங்கும்போது சுவரைப் பிடிப்பேன். ஆனால் இன்றைக்கென்று நோகவில்லை. எவ்வளவு ஏறியும் நோகவில்லை. நோகட்டும் நோகட்டும் என்று பார்த்துக்கொண்டு நடக்கிறேன், கால் பிடிவாதமாக நன்றாக இருக்கிறது.

என் ஒரு சொல்லுக்கு ஆட்கள் திரும்புவது புதிது இல்லை. அந்த வருடம் ஊரில் சண்டை ஓய்ந்திருந்தது, பாதை திறந்திருந்தார்கள். பெரியண்ணா போய் எங்கள் வளவைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். ஐப்பசியில் வந்தது கடிதம். வீடு இல்லை, அது தெரிந்ததுதான். கிணறு இருந்தது. எல்லையில் பதினொரு பனை, அதுவும் நின்றது, பதினொன்றும் நின்றது. ஒன்றுக்கும் தலை இல்லை. செல் குண்டு அடித்துத் தலை போன பனைகள். பனைக்குத் தலை போனால் போனதுதான், அது வேறு கிளை விடாது, மழை பெய்தாலும் விடாது, உக்கி விழும் வரைக்கும் அப்படியே செத்து நிற்கும். அதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மொட்டையாக நிற்கிற மரம் செத்த மரம். அந்தப் படத்தை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஜன்னலை எங்கே வைப்பது? விடிய எழும்பினால் அது, தேத்தண்ணிக்குத் தண்ணி பிடித்தால் அது, சட்டி கழுவினால் அது. மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நாள் மகன் பள்ளிக்கூடத்தால் திரும்பி வந்து கதவைத் தட்டினான், நான் அதே இடத்தில் நின்றேன். சோற்றைத் தட்டில் போட்டுக் குப்பைப் பையில் கொட்டினேன், சாப்பிட்டாச்சு என்றேன். ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இவர் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார், நான் சொன்னேன், அந்த மரத்தை வெட்டுங்கோ. இவர் வெளியே போனார். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மரத்துக்குக் கிட்டப் போய், ஒரு சின்னக் கொப்பை வளைத்து, பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். குனிந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கொப்பிலும் சுரண்டினார். அதையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே வந்து, "வெயில் வாற மட்டும் பொறுத்துப் பாப்பமே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் சொன்னது, அதுதான், அந்த வசனம், எத்தனை தடவை திரும்பச் சொன்னாலும் ஒரு சொல்லும் மாறாமல் வருகிறது: நாளைக்கு நான் எழும்பி வரேக்கை உந்தச் சவம் உதில நிக்கக் கூடாது.

"மேல பாருங்க!" மதுவந்தி நின்றுவிட்டாள். வளைவு முடிகிற இடத்தில், பச்சை மரங்களின் தலைக்கு மேலே, ஒரு ஓரம் மஞ்சள் தெரிகிறது. விளக்குப் பிடித்த மாதிரி. முதல் மரம். "இது ஒண்டுதான், காவல்காரர்," என்கிறார் நாயகம் அண்ணை, "இன்னும் அரை மணித்தியாலம் ஏறினா ஊரே இருக்கு. இதிலை இருந்து ரோல்ஸ் சாப்பிட்டிட்டுப் போவம். தங்கச்சி, உம்மடை ரோல்ஸை எடும், என்ரை மனுசி செய்தது கரடிக்கு எறியத்தான் உதவும்." பையைத் திறந்தேன். ஈயத்தாளில் சுற்றின ரோல்ஸ் இன்னும் கொஞ்சம் சூடு. சாம்பல் நிறக் குருவி ஒன்று கைக்குக் கிட்ட வந்து குந்தியது, பயமில்லாத குருவி. "இதுங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு போர்டுல போட்டிருந்தாங்க" என்றாள் மதுவந்தி. "குடுக்காட்டி விடாது, எங்கடை சங்கத்துத் தலைவர் மாதிரி" என்றார் நாயகம் அண்ணை. இவர் எனக்குப் பக்கத்தில் கல்லில் இருந்தார். இஞ்சித் தேத்தண்ணியை மூடியில் ஊற்றித் தந்தார். பிறகு என் முன்னால் குந்தி, ஒன்றும் கேட்காமல், என் இடது முழங்காலில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். சிப்பிக்குக் கீழே, பிறகு உள்பக்கம். "நோகுதே?" அந்தப் பெருவிரல். நகம் கட்டையாக வெட்டி, ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பு. அதே பெருவிரல்தான். இப்போது சொல்லலாம். ஓம், நோகுது. இரண்டே சொல். இவர் உடனே எழும்பி நாயகம் அண்ணையைப் பார்த்து, திரும்புவம் என்று சொல்லுவார், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். அன்றைக்கும் கேட்கவில்லையே. அடுத்த நாள் யாரிடமோ வாள் வாங்கிக்கொண்டு வந்தார். நாயகம் அண்ணையையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு டோரத்தி கிழவி வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றா. ஐயோ, இது லார்ச், ஒவ்வொரு வருடமும் கொட்டும், மே மாதம் திரும்பப் பச்சை விடும், உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? நான் அப்போது தேத்தண்ணித் தட்டோடு பின்வாசலில் நிற்கிறேன். மூன்று கோப்பை. நாயகம் அண்ணை சிரிப்பை அடக்க முடியாமல் கேட்கிறார், "மாஸ்டர், ஆரப்பா உம்மை உதை வெட்டச் சொன்னது?" நான் தட்டோடு நிற்கிறேன். இவர் வாளைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார், "ஒருத்தரும் சொல்லேல்லை. செத்துப்போச்செண்டு நினைச்சன்." கோப்பையில் தேத்தண்ணி ஆடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்து, "தேத்தண்ணி ஆறுது" என்றேன்.

"லோஜி, உம்மைத்தான். நோகுதே?" விரல் இன்னும் முழங்காலில் இருக்கிறது. "இல்லை," என்றேன், "இண்டைக்கு நோகேல்லை." இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், எழும்பினார், மூடியில் மிச்சமிருந்த தேத்தண்ணியைத் தான் குடித்தார். நாலு பேரும் எழும்பினோம். நடக்கிறேன். நான் பயப்படுவது நாயகம் அண்ணையின் சிரிப்புக்கு இல்லை என்று இப்போதுதான் சரியாகத் தெரிகிறது. அவர் என்ன, இரண்டு நாள் என்னைப் பகிடி பண்ணுவார். நான் பயப்படுவது வேறு. அன்றைக்கு அந்த நகத்துக்குக் கீழே இவர் என்ன கண்டார்? அதுதான். உயிர் மரத்துக்குப் பட்டைக்குக் கீழே பச்சை இருக்கும். காய்ந்த பழுப்பைக் கண்டிருந்தால் இவருக்கும் தெரியாமல்தான் வெட்டினார், இரண்டு பேரும் சேர்ந்து விட்ட பிழை, அதில் பாதி என்னுடையது, பாதி இவருடையது. பச்சையைக் கண்டிருந்தால்? கண்டும் வெட்டியிருந்தால்? அப்போது இவர் சுமந்தது முழுக்க என்னுடையது. பாதி இல்லை, முழுக்க. அந்தக் கதைக்கு முன்பு கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போகுது, தக்காளி வெதும்புது என்று வாரத்துக்கு நாலு பேர் தொலைபேசி எடுப்பார்கள். இவர் தாளில் படம் கீறி விளக்குவார், தொலைபேசியில் படம் தெரியாது என்பதையும் மறந்து கீறுவார். அதற்குப் பிறகும் எடுத்தார்கள், ஆனால் சிரித்துக்கொண்டு எடுத்தார்கள், "மாஸ்டர், வெட்டச் சொல்லிப் போடாதேங்கோ." இவரும் சிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, எனக்கு இந்த ஊர் மண் தெரியாது, கடையில் கேளுங்கோ என்று சொல்லத் தொடங்கினார். கீறுகிற தாளை எடுக்கவில்லை. வளவில் அடிமரத்தைத் தோண்டி எறியவும் இல்லை. வளையங்களை எண்ணி முப்பத்தொன்று என்று சொன்னார், பிறகு ஒவ்வொரு கோடைக்கும் அதன் மேல் ஒரு மிளகாய்ச் சாடியை வைப்பார். அந்தச் சாடிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். இருபத்தொரு கோடையாக ஊற்றுகிறேன், ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டு, அவர் பச்சை என்று சொல்லிவிட்டால், பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது, அந்த ஜன்னலில் நின்று எப்படிச் சட்டி கழுவுவது?

ஏற்றம் முடிந்துவிட்டது. ஒரு அடி முன்னால் வைத்தேன், மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும். பள்ளத்தாக்கு முழுக்க, சிகரங்களின் சாம்பல் கல்லுக்குக் கீழே, போன கிழமை விழுந்த பனியின் வெள்ளைக்கு மேலே, பொன். பொன் என்று சொன்னால் நகைக்கடை நினைவுக்கு வரும், அது இல்லை. நெல்லு முற்றி நிற்கும்போது பின்னேர வெயில் அடிக்குமே, அந்த நிறம். பரந்தனில் அறுவடைக்கு இரண்டு கிழமை முதல் இவர் சைக்கிளை வரம்பில் சாத்திவிட்டு ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பார், அந்த நிறம். காற்று அடித்தபோது சத்தமே இல்லாமல் ஊசிகள் உதிர்ந்தன, என் கையில், கம்பளிச் சட்டையில், நாயகம் அண்ணையின் தொப்பியில். ஒரு கொப்பைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. குத்தவில்லை. இது நல்ல மரம். இவரைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன், பிறகு பார்த்தேன். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முன்னால் போன எட்டுப் பேரும் தூரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாயகம் அண்ணை தொண்டையைச் செருமினார். "மருமகள், வா, இதிலை நில். இந்த மரத்தை வடிவாப் பார். கனடாவிலை இது எத்தினை கோடி நிக்குதோ, எனக்குத் தெரியாது. ஆனா கல்கரியிலை ஒண்டு குறைவு. ஏன் குறைவெண்டு மாஸ்டரைக் கேள்." மதுவந்தி சிரிக்கத் தயாராக இவரைப் பார்த்தாள். இவரும் வழக்கமான சிரிப்பைச் சிரிக்கத் தயாராகிவிட்டார், உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் ஏறியது. அந்த ஓரம் ஏறுவதை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன், பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு. "நாயகம் அண்ணை," என்றேன், "இண்டைக்கு நான் சொல்லுறன்." "சொல்லும், சொல்லும், மனுசியின்ரை வாயாலை கேட்டா இன்னும் விசேசம்." என் கையில் தட்டு ஒன்றும் இல்லை. இரண்டு கையும் சும்மா தொங்கின. "அதை வெட்டச் சொன்னது நான். இவர் பொறுத்துப் பாப்பம் எண்டவர். நான் விடேல்லை. நாளைக்கு நான் எழும்பி வரேக்கை உந்தச் சவம் உதில நிக்கக் கூடாதெண்டு நான்தான் சொன்னனான். நீங்கள் அண்டைக்கு ஆர் சொன்னதெண்டு கேட்டனீங்கள். நான் தேத்தண்ணித் தட்டோடை பின்னாலைதான் நிண்டனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாயகம் அண்ணையின் வாய் கதையின் நடுவில் நின்ற மாதிரியே திறந்திருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, இருபத்தொரு வருடம் வைத்திருந்த பொருளை யாரோ கையிலிருந்து வாங்கியதுபோல நின்றார். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பாதி. நான் இவரிடம் திரும்பினேன். "இஞ்சருங்கோ. அண்டைக்கு நகத்தாலை சுரண்டிப் பாத்தனீங்கள். ரெண்டு இடத்திலை. என்ன இருந்தது?" இவர் பக்கத்து மரத்தின் கொப்பு ஒன்றைப் பிடித்தார். சுரண்டவில்லை, இங்கே எதையும் சுரண்டக் கூடாது. பெருவிரலால் பட்டையை மெல்லத் தடவினார், ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரைக்கும். "பச்சை," என்றார். நாயகம் அண்ணைதான் முதலில் பேசினார், குரல் வேறு மாதிரி இருந்தது. "தெரிஞ்சுகொண்டோ வெட்டினனீர்?" "ஓம்." "உயிரோடை நிக்கிற மரமெண்டு தெரிஞ்சுகொண்டோ? ஏன் மனுசா?" இவர் கொப்பை விட்டார். அது மேலே போய் ஆடியது, கொஞ்சம் பொன் கொட்டியது. "மரம் மே மாதம் வரைக்கும் நிண்டிருக்கும் நாயகம்," என்றார். "இவ நிப்பாவோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

குப்பைப் பை. அதுதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, வேறொன்றும் வரவில்லை. குப்பைப் பையைக் கட்டி வெளியே வைப்பது அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவருடைய வேலை. நான் கொட்டின சோறு எல்லாம் அதற்குள்தான் இருந்தது, தினமும், கறியோடு குழைத்தபடி. இவர் கட்டித் தூக்கியிருக்கிறார். பாரம் தெரிந்திருக்கும். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைக் கடந்து, மரத்தைக் கடந்து, சந்துக்குப் போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார், ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. பிறகு நான் வெட்டுங்கோ என்றேன். மதுவந்தி என் கையைப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. "ஆன்ட்டி, உக்காருங்க." உட்காரவில்லை. முழங்கால் இப்போதுதான் நோகத் தொடங்கியது, நல்ல நோ, உள்பக்கத்தில், இவர் அழுத்திப் பார்த்த அதே இடத்தில். இவர் என் தோளில் கிடந்த ஊசிகளைத் தட்டிவிட்டார். பிறகு, அடுத்த வீட்டாருக்குச் சொல்கிற மாதிரி, "மே மாசம் தோட்டக் கடையளுக்கு இதின்ரை கண்டு வரும், நடலாம்," என்றார். "மலையிலை நிக்கிற இது நகரத்திலை வராது. மற்ற இனம் வரும்." ஒரு கையை விரித்து, மறுகையின் விரலால் உள்ளங்கையில் ஏதோ கீறினார், குழி இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம். தாள் இல்லை. எனக்குப் படம் தெரிந்தது.

இறங்கத் தொடங்கினோம். நாலு பேர், நெருக்கமாக. நாயகம் அண்ணை முன்னால். மதுவந்தி. நான். எனக்குப் பின்னால் டக், டக். முதல் வளைவு, ஏரி வலப்பக்கம். இரண்டாம் வளைவு, ஏரி இடப்பக்கம். நாயகம் அண்ணை கூப்பிடவில்லை. மூன்றாம் வளைவிலும் கூப்பிடவில்லை. அவருடைய தொப்பியில் பொன் ஊசிகள் ஒட்டியிருந்தன, தட்டிவிட அவருக்கு நினைவில்லை. காடு மிகவும் அமைதியாக இருந்தது. எங்கள் சப்பாத்துகளுக்குக் கீழே உறைபனி உருகிவிட்டிருந்தது, அதுவும் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் இந்தப் பாதையில் நடக்கக் கூடாது, பலகையில் எழுதியிருக்கிறது. மதுவந்தி பற்றைகளை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். "கரடியாரே!" என்று கத்தினேன். என் குரல் எதிரே கல்லில் பட்டுத் திரும்பி வந்தது, இவ்வளவு பெரிய குரல் என்னிடம் இருந்ததா. "கரடியாரே! நாங்கள் நாலு பேர் வாறம்!" நாயகம் அண்ணையின் தோள் குலுங்கியது, சிரிக்கிறார். எனக்குப் பின்னால் ஊன்றுகோல் ஒரு தட்டுத் தவறியது, முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. "கொஞ்சம் மெல்லப்பா," என்றார் இவர், "அதுக்குக் காது கேக்கும்."